வராத நால்வரும் ஒரே ஒரு ஓட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு நிதானமாக வந்து படியுங்கள். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி அங்கே ஓட்டுப் போடுகிற நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் அவசியம் படிக்க வேண்டும், ஏனென்றால் இது உங்கள் ஊர் வரலாறு.

2020 மே 13, புதன்கிழமை. கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நேரம். வாஷிங்டனில் செனட் சபை மட்டும் சில நாட்களுக்கு முன்புதான் மறுபடி கூட ஆரம்பித்திருந்தது. அன்று ஒரு சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் இருவர்: ஓரிகான் மாநிலத்து ஜனநாயகக் கட்சி செனட்டர் ரான் வைடன், மொன்டானா மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் ஸ்டீவ் டெயின்ஸ். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் என்பதைக் கவனியுங்கள்.

அது கேட்டது எளிய விஷயம்தான். ஒருவர் இணையத்தில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார், என்னென்ன தேடினார் என்ற விவரத்தை உளவு விசாரணைக்கான ஒரு சட்டப் பிரிவை வைத்து, வாரண்ட் இல்லாமல் அரசு எடுக்கக் கூடாது. வாரண்ட் என்றால் நீதிபதி முன்னால் போய், இந்த ஆள் மேல் தக்க காரணத்தோடு சந்தேகம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்தப் பிரிவின்படியோ, கேட்கிற விவரம் விசாரணைக்குத் தொடர்புடையது என்று காட்டினால் போதும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தேடியதைப் பார்த்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நம் கைபேசியில் நாம் என்ன தேடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மார்பில் தட்டுப்படுவது கட்டியா என்று ராத்திரி ஒரு மணிக்குத் தேடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்று தேடுகிறோம். கடன் கட்ட முடியாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்களா, விவாகரத்துக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று தேடுகிறோம். கூடப் பிறந்தவரிடம்கூடச் சொல்லாததை அந்தச் சின்னப் பெட்டியில் தட்டுகிறோம். போலீஸ் வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைக் கிளற வாரண்ட் வேண்டுமென்றால், இதைக் கிளற மட்டும் ஏன் வேண்டாம்?

முடிவு என்ன ஆயிற்று? ஆதரவு 59, எதிர்ப்பு 37. திருத்தம் தோற்றது.

தோற்றது என்று நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று நினைக்காதீர்கள். நிறைவேற 60 வேண்டும் என்று செனட்டில் முன்கூட்டியே உடன்பாடு செய்திருந்தார்கள். மொத்தம் 100 பேர். 59 கிடைத்தது, ஒன்று குறைந்தது. நான்கு பேர் ஓட்டே போடவில்லை.

அந்தச் சட்டப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த ஏழு வாரத்துக்குள் பேட்ரியாட் சட்டம் வந்தது. அதன் 215ஆம் பிரிவுதான் இது. அன்று செனட்டில் ஆதரவு 98, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை ஆள் விஸ்கான்சின் மாநிலத்து ரஸ் ஃபைன்கோல்டு. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் தனியாக எழுந்து நின்று 'இல்லை' என்று சொன்ன மனிதர். பிரதிநிதிகள் சபையில் 66 பேர் எதிர்த்தார்கள். அவர்களில் வெர்மான்ட் மாநிலத்து பெர்னி சாண்டர்ஸும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களில்தான், இதே பிரிவைக் காட்டிக் கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி விவரங்களை மொத்தமாக வாரிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. 2015இல் அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினார்கள். 2020 மார்ச் 15 அன்று பிரிவு காலாவதியானது. அதற்கு உயிர் கொடுக்க வந்த மசோதாவில்தான் வைடனும் டெயின்ஸும் தங்கள் திருத்தத்தைச் சேர்க்கப் பார்த்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். வராதவர் யார் பக்கம்? சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற இடத்தில் வராதவர் எந்தப் பக்கமும் இல்லை. 50க்கு 40 என்றால் வராத பத்துப் பேரைக் கழித்துவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் 60 கிடைத்தே ஆக வேண்டும் என்று கோடு போட்டுவிட்டால் கதை மாறிவிடுகிறது. எதிர்ப்பவர் சபைக்கு வந்து 'இல்லை' என்று சொன்னாலும், வீட்டில் படுத்துத் தூங்கினாலும் பலன் ஒன்றுதான். ஆதரிப்பவர் மட்டும் உடம்போடு அங்கே வந்து நிற்க வேண்டும். ஆக, வராத ஒவ்வொருவரும், மனசுக்குள் என்ன நினைத்திருந்தாலும், 'இல்லை' பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தக் கோடு அந்தரங்கத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருஷத்துக்கு முன் இதே கோடுதான் அதைக் காப்பாற்றியது. 2016 ஜூனில் ஆர்லண்டோ இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து நாளில் செனட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது. நீதிபதியிடமே போகாமல், ஒரு கடிதம் கொடுத்து எஃப்.பி.ஐ. இணையப் பார்வை விவரங்களை வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஜான் மெக்கெயினும் ரிச்சர்ட் பர்ரும் கொண்டுவந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக அங்கேயும் 60 வேண்டும். கிடைத்தது 58, எதிர்ப்பு 38. அந்த 38இல் ஒன்று பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலுடையது. அவர் உண்மையில் ஆதரவாளர். தோற்ற பிரேரணையை மறுபடி எடுக்கும் உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்க, விதிப்படி ஓட்டை மாற்றிப் போட்டார். அப்படிப் பார்த்தால் அங்கேயும் குறைந்தது ஒன்றுதான். அன்றும் ஓட்டுப் போடாதவர்கள் நான்கு பேர்!

2016இல் நாலு பேர் வராததால் அந்தரங்கம் பிழைத்தது. 2020இல் நாலு பேர் வராததால் அடிபட்டது. 2016இல் யாரும் வராதவர்களுக்கு மாலை போடவில்லை.

சரி, 2020இன் நால்வர் யார்? டென்னசி மாநிலத்து லமார் அலெக்சாண்டர், நெப்ராஸ்கா மாநிலத்து பென் சாஸ், இருவரும் குடியரசுக் கட்சி. வாஷிங்டன் மாநிலத்து பேட்டி முர்ரே, ஜனநாயகக் கட்சி. நான்காவது, சுயேச்சையாக ஜெயித்து ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து இயங்கும் பெர்னி சாண்டர்ஸ்.

நால்வரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அலெக்சாண்டரின் அலுவலகப் பணியாளர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால், அவர் டென்னசியில் தன் வீட்டில் தனிமைப்படுத்திக்கொண்டு இருந்தார். முந்தின நாள் டாக்டர் ஃபவுச்சி சாட்சி சொன்ன கூட்டத்துக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் தலைமை தாங்கினார். வீடியோவில் கமிட்டி நடத்தலாம், ஓட்டுப் போட முடியாது! பிரதிநிதிகள் சபை இரண்டே நாள் கழித்து, மே 15 அன்று, வர முடியாதவர் இன்னொருவர் மூலம் ஓட்டுப் போட வழி செய்தது. செனட் செய்யவில்லை. முர்ரே ஊரில் இல்லை, இருந்திருந்தால் ஆதரித்திருப்பார் என்று அவர் தரப்பில் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். சாஸ், சாண்டர்ஸ் பெயர்களுக்கு எதிரே செனட்டின் வாக்குப் பதிவில் 'வாக்களிக்கவில்லை' என்ற சொல் மட்டும் இருக்கிறது. அந்தப் பதிவில் காரணம் எழுத இடமே கிடையாது.

அதிகம் வசை வாங்கியவர் சாண்டர்ஸ். 2001இலேயே எதிர்த்து ஓட்டுப் போட்டவர், இருபது வருஷமாக இந்தச் சட்டத்தைத் திட்டி வந்தவர், ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்புதான் விலகியவர். அவர் வந்திருந்தால் 60. ஆதரவாளர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. என் அண்ணன் மகள் அங்கே நியூஜெர்சியில் இருக்கிறாள். 'அத்தை, இதுக்கெல்லாம் அவங்களுக்கு லீவ் லெட்டர் கிடையாதா?' என்று போனில் கேட்டாள். வருகைப் பதிவேட்டைக் காலையும் மதியமும் எடுத்தே காலத்தை ஓட்டியவளிடம் கேட்கக் கூடிய கேள்விதான். தேடிப் படித்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

விதிகள் இருக்கின்றன. வராத உறுப்பினரை வரவழைக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சபைக்குக் கொடுத்திருக்கிறது. 1988 பிப்ரவரியில் தேர்தல் செலவுச் சட்டம் பற்றிய இழுபறியில் குடியரசுக் கட்சிக்காரர்கள் குறைவெண் வராமல் இருக்க ஒளிந்துகொண்டார்கள். பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பைர்டு, வராதவர்களைக் கைது செய்து கொண்டுவர உத்தரவு வாங்கினார். நள்ளிரவு தாண்டி ஓரிகான் செனட்டர் பாப் பேக்வுட்டைக் காவலர்கள் தூக்கி, கால் முன்னால் வர, சபைக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். (பேக்வுட் பின்னால் வேறொரு விவகாரத்தில் பதவி விலகினார். அந்த நாற்காலிக்கு 1996 இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான் நம் கதையின் ரான் வைடன். வரலாறு படிக்கும்போது இந்த மாதிரி முடிச்சுகள் கிடைத்தால் எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம்.) ஆனால் இந்த அதிகாரம் சபை நடக்கத் தேவையான ஆட்கள் இல்லாதபோது பயன்படுவது. 96 பேர் வந்துவிட்ட இடத்தில் நாலு பேரைத் தேடி யாரும் காவலரை அனுப்புவதில்லை.

வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டும் என்று 1856இலேயே சட்டம் போட்டார்கள், உறுப்பினருக்கோ குடும்பத்தாருக்கோ நோய் என்றால் மட்டும் விலக்கு. அது இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறையில் செத்த பாம்பு. இன்னொன்று இதைவிட வேடிக்கை. சபைக்குள் உட்கார்ந்துகொண்டு, பெயர் கூப்பிடும்போது ஓட்டுப் போட மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்று செனட்டின் 12ஆவது விதி சொல்கிறது. வந்து வாய்மூடி இருப்பவருக்குக் கேள்வி உண்டு, வராமலே இருப்பவருக்குக் கிடையாது. நம் நாட்டு முறையில் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். இங்கே கட்சிக் கொறடா உத்தரவு போட்டபின் வராமல் இருந்தால் பதவியே போகலாம். அங்கே அப்படி ஒரு கட்டு இல்லை. செனட்டருக்கு எஜமானர் அவர் மாநிலத்து வாக்காளர் மட்டுமே, அதுவும் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை.

வர முடியாதவருக்கு ஒரு பழைய கண்ணியமான வழி இருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 'ஜோடி சேர்வது' என்பார்கள். நான் ஆதரவு, நீங்கள் எதிர்ப்பு, எனக்கு வர முடியவில்லை. நீங்கள் வந்தும் ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டால் இரண்டும் நேராகிவிடும். 2018 அக்டோபர் 6 அன்று பிரெட் கவனா உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமனம் ஆனபோது இது நடந்தது. ஒரு செனட்டருக்கு அன்று மொன்டானாவில் மகள் கல்யாணம். அலாஸ்கா செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி நியமனத்தை எதிர்த்தவர். ஆனாலும், அப்பா மகள் கல்யாணத்தில் இருக்கட்டும் என்று, எதிர்ப்பைச் சொல்லிவிட்டு 'வந்திருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார். முடிவு 50க்கு 48. கல்யாணப் பெண்ணின் அப்பா யார் தெரியுமா? இதே ஸ்டீவ் டெயின்ஸ்.

அவருக்கு உதவிய அந்த வழி 2020இல் அவருடைய திருத்தத்துக்கு உதவியிருக்காது. எதிர்ப்பவர் ஒருவர் பெருந்தன்மையாக ஒதுங்கினால் 37 என்பது 36 ஆகும். 59 என்பது 59ஆகவேதான் இருக்கும். 60 என்ற கோடு அந்தப் பழைய மரியாதையையும் பயனற்றதாக்கிவிட்டது. அதனால்தான் இத்தகைய வாக்கெடுப்பில் வராமல் இருப்பதற்கு மற்ற நாளைவிடக் கனமான காரணம் வேண்டும் என்று சொல்கிறேன். தனிமைப்படுத்தல் அப்படிப்பட்ட காரணம். காரணமே சொல்லாதது எனக்கு ஏற்பில்லை, அவர் எவ்வளவு நல்ல கொள்கைக்காரராக இருந்தாலும் சரி.

ஆனால் இதோடு நிறுத்தினால் வரலாறு பாதிதான். அந்த 37 பேரையும் பாருங்கள். 27 பேர் குடியரசுக் கட்சி, 10 பேர் ஜனநாயகக் கட்சி. டயான் ஃபைன்ஸ்டைன், டிம் கெய்ன், மார்க் வார்னர், ஜோ மான்ச்சின், மேகி ஹாசன் எல்லாரும் அந்தப் பத்தில் அடக்கம். அந்தப் பக்கம் குடியரசுக் கட்சியிலிருந்தே 24 பேர் ஆதரித்திருக்கிறார்கள். ஜனநாயகக் கட்சியின் பத்தில் ஒருவர் மாறியிருந்தாலும் திருத்தம் நிறைவேறியிருக்கும். சாண்டர்ஸ் புகழ்பெற்றவர் என்பதால் கல்லெல்லாம் அவர் மேல் விழுந்தது, வந்து நின்று 'இல்லை' என்றவர்கள் பலர் சத்தமில்லாமல் தப்பித்தார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. 'இல்லை' என்றவரோடு வாக்காளர் சண்டை போடலாம், ஏன் என்று கேட்கலாம், அடுத்த தேர்தலில் அதையே வைத்துத் தோற்கடிக்கலாம். வராதவரிடம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. (அன்று ஆதரித்த 59 பேரில் அப்போதைய கலிபோர்னியா செனட்டர் கமலா ஹாரிஸும் ஒருவர். துளசேந்திரபுரத்துச் சொந்தக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

வராதவரைக் குறை சொல்லும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் அவசியம். 2013 ஜூலை 24 அன்று, ஸ்னோடன் விவகாரம் சூடாக இருந்தபோது, தொலைபேசி விவரங்களை மொத்தமாக வாருவதற்குப் பணம் தரக் கூடாது என்று ஜஸ்டின் அமாஷ் பிரதிநிதிகள் சபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 205க்கு 217 என்று தோற்றது. ஓட்டுப் போடாதவர்கள் 12 பேர். பன்னிருவரும் வந்து ஆதரித்திருந்தாலும் 217க்கு 217. சமம் என்றால் அங்கே தோல்விதான். அந்தத் தோல்வியை வராதவர்கள் தலையில் கட்ட முடியாது.

2020 மசோதாவுக்கு என்ன ஆயிற்று? மறுநாள் செனட் அதை 80க்கு 16 என்று நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் ஜோ லாஃப்கிரனும் வாரன் டேவிட்சனும் வைடனின் திருத்தத்தைச் சேர்க்க முயன்றார்கள். பேரம் பேசிப் பேசி வாசகம் நீர்த்துப்போனது, வைடனே ஆதரவை விலக்கிக்கொண்டார். ஜனாதிபதி டிரம்ப், வந்தால் தள்ளுபடி செய்வேன் என்றார். மே மாதக் கடைசியில் வாக்கெடுப்பையே கைவிட்டார்கள். மசோதா அப்படியே செத்தது, 215ஆம் பிரிவும் திரும்பி வரவில்லை. ஆகவே அந்த ஒரு ஓட்டால் ஒன்றும் கெட்டுவிடவில்லையே என்று வாதாடுபவர்கள் உண்டு. மே 13 அன்று வராமல் இருந்த யாருக்கும் இது தெரியாது. பரீட்சைக்கு வராத பையன், வினாத்தாள் வெளியாகிப் பரீட்சையே ரத்தானால் தப்பித்துக்கொள்வான், அவ்வளவுதான். அந்த ஆண்டு நவம்பரில் உளவுத்துறைத் தலைவர் வைடனுக்கு எழுதிய கடிதத்தில், முந்தின ஆண்டு அந்தப் பிரிவை இணையப் பார்வை விவரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றார். பிறகு திருத்திக்கொண்டு, ஓர் இணையப் பக்கத்தை வெளிநாடு ஒன்றிலிருந்து பார்த்தவர்கள் விவரம் ஓர் உத்தரவின் கீழ் எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். எனவே இது வெறும் கற்பனை பயம் இல்லை.

கடைசியாக 2024 ஏப்ரல் 12. இது 702 என்ற வேறு பிரிவு. வெளிநாட்டவரை வேவு பார்க்கும்போது சிக்கிக்கொள்ளும் அமெரிக்கர்களின் செய்திகளை, அவர்கள் பெயரைப் போட்டுத் தேட வாரண்ட் வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் திருத்தம். ஆன்டி பிக்ஸ் என்ற தீவிர வலதுசாரியும், நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் என்ற இடதுசாரியும் ஒரே திருத்தத்தில் பெயர் போட்டிருந்தார்கள். பலகையில் வந்த எண் 212க்கு 212. சமம், ஆகவே தோல்வி. சபாநாயகர் மைக் ஜான்சன் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். அன்றும் ஓட்டுப் போடாத உறுப்பினர்கள் இருந்தார்கள். இந்த முறை 60 என்ற கோடு இல்லை, ஆதரவாளர் ஒருவர் கூடுதலாக வந்திருந்தால் போதும். எட்டு நாளில் மசோதா சட்டமாகி, அந்தப் பிரிவு மேலும் இரண்டு ஆண்டுக்கு நீண்டது.

அங்கே ஓட்டுரிமை உள்ள பிள்ளைகளே, இந்த வாக்கெடுப்புகள் எல்லாம் செனட், பிரதிநிதிகள் சபை இரண்டின் அதிகாரப்பூர்வ இணையதளங்களிலும் பெயர் பெயராக இருக்கின்றன. ஆதரவு, எதிர்ப்பு பட்டியல்களைத் தாண்டிக் கீழே போனால் 'வாக்களிக்கவில்லை' என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். வராத உறுப்பினர்கள் சிலர் பிறகு சபைக் குறிப்பில், 'இருந்திருந்தால் இப்படி வாக்களித்திருப்பேன்' என்று எழுதி வைப்பதும் உண்டு. எண்ணிக்கை அதனால் மாறாது, ஆனால் அவர் எந்தப் பக்கம் என்பதாவது தெரியும். உங்கள் உறுப்பினர் பெயர் அந்தச் சின்னப் பட்டியலில் இருந்து, அப்படி ஒரு குறிப்பும் இல்லையென்றால், அவருடைய உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் செய்து தேதியைச் சொல்லிக் காரணம் கேளுங்கள். எடுத்துப் பேசவும் குறித்துக்கொள்ளவும் அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.